12 வோல்ற் புளோவர் வச்ச கழிவு ஒயில் அடுப்பு: பூட்டுறதும் பராமரிக்கிறதும்

விறகு விலைக்குக் கட்டுப்படியாகாம நெல்லு அவிக்க கழிவு ஒயில் அடுப்புக்கு மாறுற ஆக்கள் இப்ப அங்கங்க இருக்கினம். கராஜில எடுக்கிற பழைய எஞ்சின் ஒயிலை ஒரு பிரேக் ட்ரம்முக்குள்ள சொட்டுச் சொட்டா விட்டு பற்றறியில ஓடுற புளோவரால காத்தடிச்சா நல்ல சூடு வரும், கிளிநொச்சி டவுனெண்டாலும் சரி லைன் இன்னும் வராத உள்காணியெண்டாலும் சரி வேலை செய்யும். ஆனா 12 வோல்ற் தானே என்ன செய்யப்போகுது எண்ட கதையோட மட்டும் இதைத் தொடாதேங்கோ. கரண்ட் அடிக்காது, அது உண்மை. ஒரு வாகன பற்றறி சோட் பட்டா நூற்றுக்கணக்கான அம்பியர் ஓடும், வயர் சிவந்து உருகும், பக்கத்தில ஒயில் வாளி இருந்தா மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்டு இருக்கு: காத்து நிண்டு எண்ணெய் நிக்காம வாறது. கீழ சொல்லுற முக்கால்வாசி விசயமும் இதுக்காகத்தான்.

முதல்ல இடம். கிடுகுக் கொட்டிலுக்குள்ள வேண்டாம், தகரக் கூரையெண்டாலும் நாலு பக்கமும் திறந்திருக்கவேணும், ஏனெண்டா காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தலை சுத்தும்போதுதான் தெரியும், அப்ப எழும்பி ஓட கால் வராது. சுத்திவர சருகு வைக்கோல் இல்லாம வெட்டையாக்கி மணல் பரவுங்கோ. இன்னுமொண்டு, இது எங்கட பக்கத்துக்கே உரிய விசயம்: மிதிவெடி எடுத்து முடிச்சு விடாத காணியில, இல்லாட்டி கனகாலம் ஆள் புழங்காத மூலையில கிடங்கு வெட்டி நெருப்பு மூட்டாதேங்கோ, மண்ணுக்குள்ள கிடக்கிறதுக்கு சூடு பட்டா வெடிக்கும். அடுப்புச் செய்யவெண்டு பழைய இரும்புக் குவியலுக்குள்ள என்ன ஏதெண்டு தெரியாத குழாய், சிலிண்டர் ஒண்டும் பொறுக்கவேண்டாம். லொறி பிரேக் ட்ரம் காணும், அது வார்ப்பிரும்பு, சூட்டைத் தாங்கும்.

காத்துக் குழாய் கறுப்பு இரும்புப் பைப்பா இருக்கட்டும். ஜீஐ பைப் சூடானா நாகப் பூச்சு புகையாகும், அதை இழுத்தா இரவில குளிர் காய்ச்சல் மாதிரி நடுக்கும். குழாய் அடுப்புப் பக்கம் கொஞ்சம் பணிஞ்சிருக்கவேணும், அப்பத்தான் எண்ணெய் திரும்பி புளோவருக்கு வராது. புளோவரை குறைஞ்சது ஒரு மீற்றர் தள்ளி வையுங்கோ, காரில கழட்டின பிளாஸ்ரிக் புளோவரெண்டா இன்னும் தள்ளி. கம்பியூட்டர் பான் வச்சு பாக்கிற ஆக்களும் இருக்கினம், அதுக்கு அழுத்தம் காணாது, சும்மா சுத்தும்.

கிடாரம் பொங்கி தண்ணி அடுப்புக்குள்ள ஊத்தாம இருக்கிறதுக்கு கிடாரத்தைச் சுத்தி வெளிப்பக்கமா ஒரு தகர விளிம்பு கட்டாயம். ஒரு லீற்றர் தண்ணி ஆவியானா ஏறக்குறைய 1700 லீற்றராகும், எரியிற எண்ணெய்க்குள்ள அது நடந்தா எண்ணெய் முழுக்க எரிஞ்சுகொண்டே வெளிய பறக்கும். இதே காரணத்தாலதான் எண்ணெய் நெருப்புக்கு தண்ணி ஊத்தக்கூடாது. ரெண்டு வாளி காஞ்ச மணல், ஏலுமெண்டா ஒரு பவுடர் நெருப்பணைப்பான், ரெண்டும் கைக்கெட்டின தூரத்தில, ஆனா அடுப்புக்குப் பக்கத்தில இல்லாம.

எண்ணெய் ராங்கியை மூண்டு மீற்றராவது தள்ளி ஒண்டு ஒண்டரை மீற்றர் உயரத்தில வையுங்கோ. அடுப்புக்குக் கிட்ட வாற கடைசித் துண்டு செப்புக் குழாய், ரப்பர் ஹோஸ் அங்க கூடாது. இடையில ஒரு இடத்தில எண்ணெய் வெளிப்படையா சொட்டி ஒரு புனலுக்குள்ள விழுற மாதிரி விட்டா எவ்வளவு போகுதெண்டு கண்ணால பாக்கலாம். கைவால்வு ராங்கிக்குக் கீழ, நெருப்பைத் தாண்டிப் போகாம பூட்டக்கூடிய இடத்தில.

இனி அந்த முக்கியமான சாமான். கைவால்வோட மட்டும் ஓடுற அடுப்பில பற்றறி இறங்கினாலோ வயர் கழண்டாலோ புளோவர் நிக்கும், எண்ணெய் தன்ர பாட்டில சொட்டிக்கொண்டே இருக்கும், சூடான ட்ரம்முக்குள்ள அது நிறைஞ்சு வெள்ளைப்புகையா எழும்பி எங்கையாவது ஒரு பொறி பட்டவுடன மொத்தமா பத்தும். அதால 12 வோல்ற் சொலனொயிட் வால்வு, அதாவது கரண்டால இயங்குற வால்வு ஒண்டு, கரண்ட் இல்லாட்டி மூடியிருக்கிற வகை, புளோவர் சுவிட்சுக்குப் பிறகு அதே லைனில குடுங்கோ. வாங்கேக்க கவனம். வோசிங் மெசினுக்குப் போடுற தண்ணி வால்வு மலிவா கிடைக்கும், ஆனா அது திறக்க தண்ணியின்ர அழுத்தம் வேணும், ஒண்டரை மீற்றர் உயரத்து எண்ணெய் அதுக்குக் காணாது, உள்ள இருக்கிற ரப்பரும் எண்ணெய் பட்டு ஊதும். அழுத்தமில்லாமலே நேரடியாத் திறக்கிற, டீசலுக்கெண்டு சொல்லி விக்கிற வால்வைக் கேளுங்கோ.

அதோட முடியேல்ல. கரண்ட் இருந்தும் புளோவர் இறுகி நிண்டா, இல்லாட்டி காத்து வாயில சாக்கு ஒட்டிக்கொண்டா சொலனொயிட் திறந்துதான் இருக்கும். அதுக்கு காத்துக் குழாய்க்குள்ள ஒரு மெல்லிய தகட்டோட மைக்ரோ சுவிட்ச் பூட்டி, காத்துத் தள்ளினா மட்டும் வால்வுக்குக் கரண்ட் போற மாதிரிச் செய்யவேணும். சின்ன வேலைதான், தெரிஞ்ச வயரிங் பெடியன் ஒருத்தன் செய்து தருவான். இது இல்லாத அடுப்பை நான் ஆருக்கும் பத்தவைக்கச் சொல்லமாட்டன். பூட்டி முடிஞ்சவுடன நெருப்பில்லாமலே சோதிச்சுப் பாருங்கோ: எண்ணெய் சொட்டேக்க பற்றறி வயரைக் கழட்டுங்கோ, சொட்டு நிக்கவேணும். திரும்பப் பூட்டி புளோவர் வாயை மட்டையால மறையுங்கோ, அப்பவும் நிக்கவேணும்.

வயரிங்கில கனபேர் விடுற பிழை வயரின்ர தடிப்பில. 230 வோல்றில ஒரு வோல்ற் குறைஞ்சா ஆருக்கும் தெரியாது, 12ல ஒண்டு போனா புளோவர் களைச்சுப் போகும். கணக்குப் பாருங்கோ, 5 அம்பியர் புளோவர், பற்றறி 5 மீற்றர் தள்ளி, போகவும் வரவும் 10 மீற்றர் வயர். 0.75 சதுர மில்லிமீற்றர் வயரெண்டா 1.15 வோல்ற் வழியில போயிடும், 2.5 எண்டா 0.34 தான். கடையில 7/0.67 எண்டு கேட்டா அந்த 2.5 தருவினம். பியூஸ் பற்றறி பொசிற்றிவ் தலையில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கவேணும், நடுவழியில போட்டா பற்றறிக்கும் பியூசுக்கும் இடையில சோட் பட்டா காப்பாத்த ஒண்டுமில்லை. இந்த அளவுக்கு 10 அம்பியர் காணும், பியூஸ் போனா ஏன் போனதெண்டு பாருங்கோ, செப்புக்கம்பி சுத்தவேண்டாம். வீட்டு லைற் சுவிட்சும் வேண்டாம், பற்றறியில வாற டீசீ கரண்டுக்கு அது பொறி அடிச்சு உள்ள கருகும், வாகன சுவிட்ச் போடுங்கோ. வயரை முறுக்கி டேப் சுத்தி விடாம லக் (வயர் நுனியில நெரிச்சுப் பூட்டுற உலோகத் துண்டு) வச்சு இறுக்குங்கோ.

பற்றறி சார்ஜ் ஆகேக்க ஐதரசன் வரும், அதனால அடுப்புக்கு எதிர்ப்பக்கம், வெளிக் காத்தில. 5 அம்பியர் நாலு மணித்தியாலம் ஓடினா 20 அம்பியர் மணி, ஈய பற்றறியில பாதிக்குமேல இறக்கக்கூடாது, அப்ப 40க்குக் குறையாத பற்றறி வேணும். தொடங்க முன்னம் வோல்ற் மீற்றர் பிடிச்சா 12.6 இருக்கவேணும், 12.2 எண்டா பாதி போயிட்டுது, அண்டைக்குத் தொடங்காதேங்கோ.

பத்தவைக்கிறது இப்பிடி. ட்ரம் ஆறியிருக்கேக்க, உள்ள எண்ணெய் தேங்கேல்லையெண்டு பாத்துப்போட்டு, மண்ணெண்ணெயில நனைச்ச சீலைத்துண்டை உள்ள வச்சு நீளக் கம்பியால கொளுத்துங்கோ. பெற்றோல் வேண்டவே வேண்டாம். சண்டைக்குள்ள பொருளாதாரத் தடை இருந்த காலத்தில மண்ணெண்ணெயில மோட்டசைக்கிள் ஓடின சனம் நாங்கள், எண்ணெயெல்லாம் எங்களுக்குப் பழக்கம் எண்டு ஒரு துணிவு இருக்கு, அது பெற்றோல் ஆவிக்குத் தெரியாது. காத்தைக் குறைச்சு விட்டு ட்ரம் சூடானாப் பிறகு எண்ணெயைச் சொட்ட விடுங்கோ. கரும்புகை வந்தா காத்துக் காணாது, இல்லாட்டி எண்ணெய் கூட. இடையில நூந்து வெள்ளைப்புகை வந்தா எண்ணெயைப் பூட்டிப்போட்டுத் தள்ளி நில்லுங்கோ, சூடா இருக்கிற ட்ரம்மைத் திரும்பக் கொளுத்தக்கூடாது, கை வைக்கிற அளவுக்கு ஆறும்வரை பொறுக்கவேணும், நெல்லு பழுதாப் போனாலும் பரவாயில்லை. வேலை முடிஞ்சா எண்ணெயை முதல் பூட்டி, நெருப்பு நூந்து ஒரு பத்து நிமிசம் புளோவரை ஓடவிட்டுத்தான் நிப்பாட்டவேணும்.

எண்ணெயை பெரலில ஒரு கிழமை அடைய விட்டு கீழ நிக்கிற தண்ணியை வடிச்சு, சன்னக் கம்பிவலையால வடிகட்டி எடுங்கோ. பிரேக் ஒயில், தின்னர் கலந்ததை எடுக்காதேங்கோ. பழைய ட்ரான்ஸ்போமர் ஒயில் ஆரும் சும்மா தந்தாலும் வேண்டாம், சிலதில பீசீபி எண்ட நச்சு இரசாயனம் இருக்கும், எரிச்சா டயொக்சின் எண்ட இன்னும் மோசமான நஞ்சு வரும். கழிவு ஒயில் புகையில ஈயம் மாதிரி உலோகங்களும் இருக்கும், அதால கிடாரத்துக்கு மூடியும் அடுப்புக்கு உயரமான புகைக்குழாயும் வேணும், அவிச்ச நெல்லைக் காத்துப் போற பக்கம் காயவிடக்கூடாது.

பராமரிப்பெண்டு பெருசா ஒண்டுமில்லை, செய்யாம விடுறதுதான் பிரச்சினை. ஒவ்வொரு முறையும் பத்தவைக்க முன்னம் காபனைச் சுரண்டி காத்து ஓட்டைகளைக் குத்தி விடுங்கோ, அந்த வயர் கழட்டுற சோதனையும் ஒருக்கா. கிழமைக்கொருக்கா சொலனொயிட்டுக்கு முன்னால இருக்கிற வலையைக் கழுவுங்கோ, ஒரு சின்னக் கரித்துண்டு வால்வு வாயில நிண்டாலே மூடினமாதிரி இருந்துகொண்டு கசியும். பற்றறித் தலையில வெள்ளையா பச்சையா பூத்திருந்தா நெகற்றிவை முதல் கழட்டி, அப்பச்சோடாத் தண்ணியால துடைச்சு கிறீஸ் பூசுங்கோ. காலபோக அறுவடை முடிஞ்சு அடுத்த சிறுபோகம் வரை சும்மா கிடக்கிற அடுப்பெண்டா ராங்கியை வடிச்சு புளோவர் வாயை சாக்கால கட்டி வையுங்கோ, குளவி கூடு கட்டும், எலி வயரைக் கடிக்கும். திரும்ப எடுக்கேக்க அந்தச் சாக்கை அவிழ்க்க மறக்கவேண்டாம், வயரை முழு நீளத்துக்கும் கையால தடவிப் பாத்துப்போட்டு பிறகு பற்றறியைக் கொழுவுங்கோ.