பார்த்த படத்தைப் பற்றிச் சொல்வது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் பலர் புதுப்படத்துக்கு ஈப்போ வரை போகிறார்கள். உங்கள் பேச்சை நம்பி ஒரு குடும்பமே கிளம்பும், அதனால் பொறுப்பாகச் சொல்லுங்கள்.

முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைக் குறை சொல்வது நியாயமே இல்லை. அடுத்து படத்தின் நீளம், வயது வரம்பு. 13 என்று போட்டிருந்தால் 10 வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது.

கதையில் முதல் அரை மணி நேரத்துக்கு மேல் வாய் திறக்காதீர்கள். “சூப்பர்”, “மொக்கை” யாருக்கும் உதவாது. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: “அம்மாவும் மகனும் பேசும் இடத்தில் பின்னணி இசை வசனத்தையே அமுக்கிவிட்டது” என்றால் கேட்பவருக்குப் புரியும்.

காட்சி திடீரென்று தாவினால் உடனே படத்தொகுப்பாளரைத் திட்ட வேண்டாம். இங்கே தணிக்கையில் வெட்டியிருக்கலாம்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்பதிவு ஒரு நிமிடம் போதும், பசியாறும் நேரத்தில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். முடிவைப் பேசியே ஆகவேண்டுமா? “முடிவு வருது” என்று தனியாக எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த பதிவில் பேசுங்கள்.