கவர்மெண்ட் பில்டிங் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் டெண்டரா, மொதல்ல போர்வெல் எத்தனை அடின்னு கேளுங்க

நான் மொத மொத எடுத்த வருசாந்திர மெயின்டனன்ஸ் வேலை ஒரு ஆபீஸ் கட்டடமுங்க, ஊரு பேரு வேண்டாம். பில்டிங்கைப் போய் பாக்காமயே எஸ்டிமேட்டுக்கு மேல கண்ணை ஓட்டிட்டு 18 பர்சன்ட் லெஸ், அதாவது எஸ்டிமேட்டை விட அவ்வளவு கொறச்சு ரேட்டு போட்டுட்டேன், வேலையும் நமக்கே வந்துருச்சு. வேலை பட்டியல் ஷெட்யூல்ல "பம்ப்செட் பராமரிப்பு உட்பட"ன்னு ஒரு வரி இருந்துச்சு, ஸ்டார்ட்டர் பேனலைத் துடைச்சு காண்டாக்டர்ங்கற உள் சுவிட்சை மாத்தறதுதானேன்னு நெனச்சேன். ரெண்டாவது மாசம் மோட்டார் பொகைஞ்சு போச்சு. போர்வெல் ஆயிரம் அடிங்க! மோட்டாரைத் தூக்க வண்டி வாடகை, ஆள் கூலி, ரிவைண்டிங், மறுபடி இறக்கற கூலி, அத்தனையும் நம்ம தலைல.

அதனால சைட்டுக்கு நேர்ல போங்க, அதுவும் மத்தியானம் ஏசி எல்லாம் ஓடறப்ப. அங்க இருக்கற ஆளைக் கூட்டிட்டு டிபி (கரண்ட் பிரிக்கற பெட்டி) ஒண்ணொண்ணா தொறந்து பாருங்க, வயரைக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டற டாங் டெஸ்டரை பேஸ் வயர்ல மட்டும் போடாம நியூட்ரல்லயும் போடுங்க, நெறைய இழுத்தா லோடு சமமா பிரிக்கலைன்னு அர்த்தம், நாளைக்கு அந்த நியூட்ரல் கருகறதும் உங்க கணக்குதான். எர்த் பிட்டு மூடி மேல புல்லு மொளைச்சிருந்தா தண்ணி ஊத்தி எத்தனை வருசமாச்சோ. வாட்ச்மேன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்து பேச்சுக் குடுங்க, ஆடிக் காத்துல எந்தப் பக்கம் தென்னை மட்டை விழுந்து லைன் போகும்னு எஞ்சினியரை விட அவருக்குத்தான் தெரியும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம்னா இதைக் கேக்காம ரேட்டே போடாதீங்க.

அடுத்தது ஆள் கணக்கு, நெறைய பேரு கவுர்றது இங்கதான். ஆஸ்பத்திரி மாதிரி எடத்துல 24 மணி நேரமும் ஒரு வயர்மேன் இருக்கோணும்னு போட்டிருந்தா மூணு ஆளு போதும்னு நெனப்போம், வாரத்துக்கு 21 ஷிப்டு, ஒருத்தன் ஆறு நாள்தான் வருவான், அப்ப மூணரை ஆளு, அரை ஆளுக்கு எங்க போறது, நாலுன்னே போடுங்க. சம்பளத்துக்கு மேல முதலாளி பங்கா இஎஸ்ஐ 3.25 பர்சன்ட், பிஎஃப் தனி. ஜிஎஸ்டி ரேட்டுக்குள்ளயா வெளியவான்னு கண்டிசன்ல ரெண்டு தடவை படிங்க, 18 பர்சன்ட்டை கைல இருந்து கட்டுனா தாங்காது. பில்லு வர்றப்ப டிடிஎஸ் புடிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, அதையும் கைல வர்ற காசுன்னு நெனச்சு வட்டிக்கு வாங்கிடாதீங்க.

பேப்பரு பெரிய வித்தை இல்ல. எலெக்ட்ரிக்கல் லைசென்சிங் போர்டு குடுத்த கான்ட்ராக்டர் லைசென்ஸ், சூப்பர்வைசர், வயர்மேன் சர்டிபிகேட், ஜிஎஸ்டி, பான், கேட்டிருந்தா சால்வன்சி (பண வசதிக்கான சான்று), முன்ன செஞ்ச வேலைக்கு சான்று. லைசென்ஸ் தேதி முடிஞ்சிருக்கான்னு மொதல்லயே பாருங்க, இந்தப் பேப்பரெல்லாம் பாக்கற டெக்னிக்கல் கவர்லயே வெளிய போயிட்டா ரேட்டைத் தொறந்துகூடப் பாக்க மாட்டாங்க.

அரசு டெண்டர் சைட்டு டிஎன்டெண்டர்ஸ் போர்ட்டல்ல ஏத்தறப்ப ரேட்டு போடற பிஓக்யூ எக்செல் ஃபைலுக்கு பேரு மாத்தாதீங்க, வரியும் சேக்காதீங்க, சும்மா ரேட்டை மட்டும் போடுங்க. கணக்கு சர்வர் டைம்தான், உங்க மொபைல் டைம் இல்ல, கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தா டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் சர்வரும் சேந்து லொள்ளு பண்ணும். டைம் முடியறதுக்குள்ள ரேட்டைத் திருத்தி மறுபடி ஏத்தலாம், ஆனா வித்ட்ரா குடுத்துட்டா அதே டெண்டருக்குள்ள திரும்ப வர முடியாது.

எல்1 (எல்லாரையும் விட கம்மி ரேட்டு) வரோணும்னு கண்ணை மூடிட்டு லெஸ் போடாதீங்க, ரொம்ப கொறச்சா கூடுதல் டெபாசிட் கட்டச் சொல்லுவாங்க, அந்தப் பணம் வேலை முடியற வரைக்கும் மொடங்கிக் கெடக்கும். வேலை கெடச்ச அன்னைக்கே ஒரு நோட்டு வாங்கி கம்ப்ளைன்ட் வந்த நேரம், சரி பண்ண நேரம் எழுதி அந்தந்த செக்சன் ஆளுகிட்ட அன்னன்னைக்கே கையெழுத்து வாங்கிருங்க, மாசக் கடைசில போய் நின்னா அந்த ஆளு லீவுல இருப்பாருங்க.