விளம்பர வருவாய் கணக்கில் வரவான விதம்

டர்பன் அருகே சாட்ஸ்வொர்த்திலிருந்து நான் நடத்தும் தமிழ்ச் சமையல் தளத்திற்கு, தளங்களில் விளம்பரம் காட்டி வருவாய் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை அனுப்பிய முதல் டாலர் தொகை, வங்கியை எட்டியும் கணக்கில் வரவாகாமல் நின்றது. தென்னாப்பிரிக்காவில் அந்நியச் செலாவணி ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எதற்கானது என்று உரிய குறியீட்டுடன் நாம் தெரிவித்த பிறகே வங்கி அதை ராண்டாக மாற்றி வரவு வைக்கிறது. வங்கியின் செயலியில், சேவைக்கான வருமானம் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து ஒப்புதல் அளித்தவுடன் பணம் வந்துவிட்டது.

பணம் பெறும் முறையாக, வங்கியை உலக அளவில் அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டைக் கொடுத்து, நேரடியாக வங்கிக் கணக்கிற்கே பணம் வரும் வயர் டிரான்ஸ்ஃபரையே வைத்திருக்கிறேன். தொகை சிறியதானாலும் வங்கி ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சக் கட்டணம் பிடித்துக்கொள்வதால், பணம் அனுப்பப்படுவதற்குச் சேர வேண்டிய குறைந்தபட்சத் தொகையாக 100 டாலர் என்றிருந்த வரம்பை ஆட்சென்ஸ் அமைப்பிலேயே உயர்த்தி, சேர்த்து மொத்தமாக வாங்குகிறேன். சிறு தளம் நடத்துவோருக்கு இதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.