சிறு மென்பொருள் நிறுவனத்துக்கு அஃபிலியேட் நெட்வொர்க் தேர்ந்தெடுப்பது எப்படி?

உங்கள் பொருளைப் பரிந்துரைத்து விற்றுத் தருவோரை உங்களோடு இணைத்து, அவர்களுக்கான கமிஷனைக் கணக்கிட்டுத் தரும் தளமே அஃபிலியேட் நெட்வொர்க். அதைத் தேடும்போது, அதில் எத்தனை ஆயிரம் பரிந்துரையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்றுதான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். மென்பொருள் விற்பவர் முதலில் கேட்க வேண்டியது, ஒரு விற்பனை யார் மூலம் வந்தது என்பதை அந்த நெட்வொர்க் எப்படிக் கண்டறிகிறது என்பதே.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு, தோவாளை பூ வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருளை ஆண்டுக்கு 3,000 ரூபாய் சந்தாவில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் வந்த பரிந்துரை இணைப்பை வியாபாரி கைப்பேசியில் திறந்து பார்ப்பார். பணம் கட்டுவதோ, சில நாள் கழித்து, சந்தை ஓய்ந்த நேரத்தில், கடையிலுள்ள கணினியில். யாருடைய இணைப்பு வழியே வந்தார் என்று உலாவி சேமித்து வைக்கும் சிறு குறிப்பான குக்கீ, கைப்பேசியிலேயே தங்கிவிடுவதால், பரிந்துரைத்தவருக்குச் சேர வேண்டிய கமிஷன் பதிவாகாது. ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வைக்கப்படும் குக்கீயை சஃபாரி உலாவி 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்பதால், '90 நாள் குக்கீ' என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆளுக்கொரு கூப்பன் குறியீடு தந்து அதைக் கொண்டே விற்பனையைக் கணக்கிடும் வசதியும், சர்வரிலிருந்து சர்வருக்கு நேரடியாகத் தகவல் போகும் வசதியும் உள்ள நெட்வொர்க்கையே நான் பரிந்துரைப்பேன். ஒப்பந்தத்துக்கு முன், கைப்பேசியில் இணைப்பைத் திறந்து, வேறொரு கணினியில் கூப்பனோடு வாங்கிப் பாருங்கள். பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பதிவான கமிஷன் ரத்தாகிறதா என்றும் கவனியுங்கள்.

அடுத்தது கட்டணம். கமிஷன் 20 சதவீதம் என்றால் 600 ரூபாய். அந்தக் கமிஷன் தொகையின் மீது நெட்வொர்க் தனக்கென 30 சதவீதம் கேட்டால் இன்னும் 180, இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதம் எடுத்தால் 60; ஜி.எஸ்.டி.யைச் சேர்க்காமலே உங்கள் கையில் நிற்பது 2,160 ரூபாய்தான். இதற்கு மேல் சேர்க்கைக் கட்டணமோ குறைந்தபட்ச மாதக் கட்டணமோ இருந்தால், மாதம் பத்துச் சந்தா விற்கும் நிறுவனத்தால் தாங்க முடியாது. புதுப்பித்தலுக்கும் கமிஷன் உண்டா, முதலாண்டுக்கு மட்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யும் வசதி கட்டாயம் வேண்டும்.

உங்கள் வாடிக்கையாளர் வெளிநாட்டவர் என்றால், மென்பொருள் நிறுவனங்களுக்கென்றே இயங்கும் பார்ட்னர்ஸ்டாக் போன்றவற்றைப் பார்க்கலாம். உள்ளூர் வியாபாரிகள் என்றால், உங்களுக்காக விற்கக்கூடியவர்கள் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள கம்ப்யூட்டர் கடைக்காரர்கள், ஆடிட்டர் அலுவலகங்கள், டேலி பயிற்சி நிலையங்கள். இவர்களைப் பெரிய நெட்வொர்க்குகளில் தேடிப் பயனில்லை. சொந்தமாகத் திட்டம் நடத்த உதவும் கருவியே போதும். ஆனால் அது உங்கள் பேமென்ட் கேட்வேயோடு இணையுமா என்று பாருங்கள். ரிவார்ட்ஃபுல் போன்ற கருவி முக்கியமாக ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் கேட்வேயைச் சார்ந்தது. ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில் அழைப்பின் பேரில்தான் புதுக் கணக்குத் தருகிறது. கமிஷன் மீது டி.டி.எஸ். பிடிக்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டா என்பதையும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உங்கள் நிறுவனப் பெயரையே கூகுள் விளம்பரத்தில் ஏலம் எடுத்து, தானாக வரும் வாடிக்கையாளரைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பரிந்துரையாளர்களைத் தடுக்கும் விதி, ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். நெட்வொர்க்குகளே கைமாறுவதும் மூடப்படுவதும் உண்டு: 2000-இல் தொடங்கிய ஷேர்எசேல் என்ற அஃபிலியேட் நெட்வொர்க், 2017-இல் அவின் என்ற மற்றொரு நெட்வொர்க் நிறுவனத்தின் கைக்குப் போய், 2025-இல் அவின் தளத்தோடேயே இணைக்கப்பட்டது. ஆகவே பரிந்துரையாளர் பட்டியலையும் விற்பனைப் பதிவுகளையும் முழுமையாகத் தரவிறக்க அனுமதிக்கும் நெட்வொர்க்கில் மட்டும் சேர்ந்து, மாதம் ஒருமுறை அவற்றை உங்கள் கணினியில் எடுத்து வையுங்கள்.