புதிய செராமிக் கரி அடுப்புக்குத் துணைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கமாடோ எனப்படும் செராமிக் கரி அடுப்பைப் புதிதாக வாங்கியவர்கள், அதில் ஒரு கோழியைக்கூடச் சுட்டுப் பார்ப்பதற்கு முன்பே துணைக்கருவிகளுக்குப் பெரும் பணத்தைச் செலவிட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் விலா எலும்புத் தாங்கியும் மிளகாய் அடுக்கும் உறை பிரிக்கப்படாமல் கிடக்கும். நாள்தோறும் கைக்குத் தேவைப்படும் வெப்பமானி மட்டும் வீட்டில் இருக்காது. இந்த அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, அந்த வேலைக்கு உதவும் பொருள்களை முதலிலும் மற்றவற்றைப் பல சமையல்களுக்குப் பிறகும் வாங்கினால், செலவும் குறையும், சமையலும் விரைவில் கைவரும்.

கமாடோ என்பது அடுப்பைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள், அங்கு அரிசி வேகவைக்கப் பயன்பட்ட மூடியுள்ள மண் அடுப்புகளை ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். 1974 இல் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் தொடங்கிய பிக் கிரீன் எக் நிறுவனம், எளிதில் விரிசல் விட்ட பழைய களிமண் உடலுக்கு மாற்றாக உயர் வெப்பத்தைத் தாங்கும் செராமிக்கைக் கொண்டுவந்தது. அதன் தடித்த சுவர் வெப்பத்தை வெளியே விடாமல் தேக்கிவைப்பதால், மிகக் குறைந்த காற்றிலேயே கரி மெதுவாக எரிந்துகொண்டிருக்கும். குறைந்த சூட்டில் சமைத்தால், ஒருமுறை நிரப்பிய கரி 12 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். அதே காரணத்தால், ஒருமுறை சூடு அளவுக்கு மீறி ஏறிவிட்டால் அதை இறக்குவது மிகவும் கடினம். துணைக்கருவி எதைப் பார்த்தாலும், அது காற்றோட்டத்தைக் காக்கிறதா, சூட்டை அறிய உதவுகிறதா, நெருப்புக்கும் உணவுக்கும் இடையிலான தொலைவை மாற்றித் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கும் உதவாத பொருள் காத்திருக்கலாம்.

கடைக்குப் போகுமுன், அடுப்பு வந்த பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கமாடோ ஜோ நிறுவனத்தின் கிளாசிக் 2, கிளாசிக் 3 வகைகளில் அரைவட்ட வெப்பத் தடுப்புத் தகடுகளும் உயரத்தை மாற்றக்கூடிய தாங்கியும் உடன் வருகின்றன. வேறு சில நிறுவனங்களின் அடுப்புகளுக்கு அவற்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். விலையை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளுங்கள். அளவிலும் கவனம் தேவை. ஒரு நிறுவனம் நடுத்தரம் என்று சொல்வதும் மற்றொன்று நடுத்தரம் என்று சொல்வதும் ஒன்றல்ல. ஆகவே பெயரை நம்பாமல், உங்கள் கம்பித் தட்டின் விட்டத்தையும், தட்டிலிருந்து மூடியின் உட்புறம் வரை உள்ள உயரத்தையும் நாடாவால் அளந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் வாங்கும் அளவில் தட்டின் விட்டம் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் இருக்கும்.

பெட்டியில் இல்லையென்றால் முதலில் வாங்க வேண்டியது வெப்பத் தடுப்புத் தகடுதான். அது கரிக்கும் உணவுக்கும் நடுவில் அமரும் செராமிக் வட்டம். அது இல்லாதபோது இந்த அடுப்பு விலை உயர்ந்த ஒரு கரிச்சட்டி மட்டுமே; அதை வைத்ததும், நேரடித் தணல் உணவைத் தாக்காமல், வெப்பம் ஓரங்களின் வழியாக மேலேறி மூடியில் பட்டுத் திரும்பி, எல்லாப் பக்கமும் சமமாக வேகவைக்கும் கணப்படுப்பாக மாறிவிடுகிறது. முழுக்கோழி, பன்றித் தோள், ரொட்டி, பிட்சா ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. முழுவட்டத் தகடு நெடுநேரச் சமையலுக்கு மிகப் பொருத்தமானது. இரண்டு அரைவட்டங்களாக வருவதை வாங்கினால், ஒரு பாதியில் மட்டும் தகட்டை வைத்து மறுபாதியில் தணலைத் திறந்துவிட்டு, தடித்த இறைச்சித் துண்டை முதலில் மெதுவாக வேகவைத்து, பின்பு பக்கத்திலேயே மேற்புறத்தைச் சிவக்க வைக்கலாம். அன்றாடச் சமையலுக்கு அரைவட்டங்களே கூடுதலாகப் பயன்படும் என்பது என் கணிப்பு.

தகட்டின் மேல் கொழுப்பு வடிய ஒரு தட்டு வேண்டும். அதற்கென்று விற்கப்படுவதை வாங்கத் தேவையில்லை. வீட்டிலுள்ள பழைய எஃகுத் தட்டோ அலுமினியத் தட்டோ போதும். ஆனால் அதைச் செராமிக்கின் மேல் நேரடியாக வைத்தால், விழும் கொழுப்பு உடனே கருகிக் கசப்பான புகையை எழுப்பி, பல மணி நேர உழைப்பைக் கெடுத்துவிடும். சுருட்டிய அலுமினியத் தாள் உருண்டைகள் மூன்றைக் கீழே வைத்து, ஒரு விரல் அளவு இடைவெளி விட்டுத் தட்டை அமர்த்துங்கள்.

அடுத்து வெப்பமானிகள். மூடியில் பொருத்தப்பட்ட வட்டமானி காட்டுவது மூடிக்கடியில் உள்ள காற்றின் சூட்டை மட்டுமே. உணவு இருக்கும் தட்டின் மட்டத்தில் சூடு அதிலிருந்து வேறுபடும். பெரிய குளிர்ந்த இறைச்சித் துண்டின் அருகே அதன் முனை நின்றால் இன்னும் குறைத்துக் காட்டும். புதிய அடுப்பானாலும் அந்த மானியைக் கழற்றி, கொதிக்கும் நீரில் முனையை அமிழ்த்திப் பாருங்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு டிகிரி குறையும் என்பதால், டென்வர் போன்ற உயரமான நகரில் 95 டிகிரி காட்டினால் அதுவே சரி. பிழை இருந்தால் பல மானிகளில் பின்னாலுள்ள மறையைத் திருப்பித் திருத்த முடியும்.

இதற்கு மேல் வேண்டியது உடனடியாக அளவு காட்டும் கைமானி. இரண்டு மூன்று விநாடிகளில் எண்ணைக் காட்டும், மெல்லிய முனையுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதில் மட்டும் விலை பார்க்க வேண்டாம் என்று மனதாரச் சொல்வேன். அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரைப்படி கோழி 74 டிகிரியும், அரைத்த இறைச்சி 71 டிகிரியும் உள்ளே எட்ட வேண்டும். முழுத்துண்டுப் பன்றி இறைச்சிக்கு 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் போதுமானவை. பன்றித் தோளை நாராகப் பிய்க்க வேண்டுமானால் அது 93 டிகிரியைத் தாண்டிச் செல்ல வேண்டும். நிறத்தையோ நேரத்தையோ பார்த்து இவற்றை ஊகிக்க முடியாது. இறைச்சியைக் கிழித்துப் பார்த்தால் சாறும் போய்விடும். நீண்ட சமையலை விரும்புகிறவர்கள், ஒரு முனையைத் தட்டிலும் மற்றொன்றை இறைச்சியிலும் வைத்து வீட்டுக்குள்ளிருந்தே பார்க்கக்கூடிய கம்பியில்லா மானியைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

தீ மூட்டுவதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. மண்ணெண்ணெய் வாடையுள்ள மூட்டு திரவத்தை எந்த நிலையிலும் ஊற்றாதீர்கள். செராமிக் நுண்துளைகள் கொண்டது, அந்த வாடை அதற்குள் ஏறிவிட்டால் பல சமையல்களுக்கு உணவில் வீசும். மரத்தூளும் மெழுகும் கலந்த மூட்டுக்கட்டிகள் மலிவானவை, எவருக்கும் போதுமானவை. குறைந்த சூட்டுக்குக் கரியின் நடுவில் ஒன்று, அதிகச் சூட்டுக்கு மூன்று இடங்களில் ஒவ்வொன்று என வைத்தால் வேலை முடிந்தது. மின்சார வெப்பக்காற்றுக் குழல் விரைவாக மூட்டித் தரும், ஆனால் அடுப்பின் அருகே மின் இணைப்பு வேண்டும். மற்ற கரி அடுப்புகளில் புகழ்பெற்ற கரி மூட்டும் உருளையை இதற்கு நான் பரிந்துரைப்பதில்லை. முழுவதும் கனன்ற கரியை ஒரே நேரத்தில் கொட்டினால் சுவர்கள் வேகமாகச் சூடேறிவிடும், பிறகு 110 டிகிரிக்கு இறக்க நினைத்தால் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

எரிபொருள் துணைக்கருவி அல்ல என்றாலும், அதைச் சார்ந்தே அடுத்த கருவி அமைகிறது. அழுத்திச் செய்த கரிக்கட்டிகள் அதிகச் சாம்பல் விடுவதால், அடியிலுள்ள துளைகள் அடைபட்டுக் காற்று நின்றுபோகும். ஆகவே இந்த அடுப்புக்கு மரத்துண்டுக் கரியே பொருந்தும். அதிலும் சாம்பல் சேரத்தான் செய்யும். வளைந்த முனையுள்ள சாம்பல் வாரி பெரும்பாலும் அடுப்போடு வரும், வராவிட்டால் வாங்கிவிடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை சமைப்பவருக்குத் துருப்பிடிக்காத எஃகாலான கரிக்கூடை நல்ல முதலீடு: தூக்கி ஓர் உலுக்கு உலுக்கினால் சாம்பல் கீழே உதிர்ந்து, மிஞ்சிய கரி அடுத்த சமையலுக்குத் தயாராக நிற்கும். அடுப்பு முழுவதும் ஆறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். தீயை அணைக்கத் தண்ணீர் ஊற்றக் கூடாது, செராமிக் வெடித்துவிடும். அடியிலும் மேலும் உள்ள இரண்டு காற்றுவழிகளையும் மூடினால் தானே அணையும்.

கையுறை, இடுக்கி, தட்டுத் தூக்கி ஆகிய மூன்றையும் முதல் சமையலுக்கு முன்பே வாங்குங்கள். கையுறை முழங்கை வரை நீள வேண்டும், நெருப்பருகே நிற்பதற்கு ஏற்ற தோலாலோ, அராமிட் எனப்படும் வெப்பம் தாங்கும் செயற்கை இழையாலோ ஆனதாக இருக்க வேண்டும். துணிக் கையுறை ஈரமானால் வெப்பம் ஒரு நொடியில் உள்ளே பாய்ந்து கையை வேகவைத்துவிடும் என்பதால், சூடான இறைச்சியைப் பிடிக்கத் தனியாக ஒரு சிலிக்கோன் உறை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் எந்தக் கையுறையும் மூடியைத் திறக்கும் முறைக்கு ஈடாகாது. காற்று அடைபட்டிருந்த அடுப்பைச் சட்டென்று திறந்தால், உள்ளே பாயும் காற்றில் தீ பந்தாக எழுந்து புருவத்தையும் கையையும் பொசுக்கும். முதலில் மூடியை இரண்டு விரல் அளவு உயர்த்திச் சில நொடிகள் நிறுத்தி, காற்று மெதுவாக நுழைந்த பின்பே முழுவதும் திறவுங்கள்.

சுத்தம் செய்ய எஃகுக் கம்பித் தூரிகை வாங்க வேண்டாம். உதிர்ந்த கம்பி இழை உணவோடு தொண்டையிலோ குடலிலோ குத்திய நிகழ்வுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012 இல் வெளியிட்டு எச்சரித்தது. தட்டு சூடாக இருக்கும்போது மரச் சுரண்டியாலோ, கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்தோ தேய்த்தால் போதும். உட்சுவருக்குச் சோப்பும் தண்ணீரும் ஆகாது.

இரண்டாம் கட்டமாக உணவின் இடத்தை மாற்றும் பொருள்களைப் பார்க்கலாம். உயர்த்தும் அடுக்குத் தட்டு பரப்பைக் கூட்டுவதோடு, கோழித் துண்டுகளைத் தணலிலிருந்து விலக்கி, மூடியின் வெப்பத்துக்கு அருகே நிறுத்துகிறது. இதில் கோழியின் தோல் மிக நன்றாக மொறுமொறுப்பாகும். வார்ப்பிரும்புத் தட்டு அழகான சூட்டுக்கோடுகளைத் தரும், ஆனால் எண்ணெய் பூசிப் பராமரிக்காவிட்டால் துருப்பிடிக்கும். உடன் வந்த எஃகுத் தட்டே பலருக்கும் போதும். மீன், இறால், காய்கறி ஆகியவற்றுக்குத் தட்டையான வார்ப்பிரும்புப் பரப்பு தேவைப்பட்டால், மரப்பிடி இல்லாத பழைய இரும்புத் தோசைக்கல் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது அந்த வேலையை முழுமையாகச் செய்யும். வார்ப்பிரும்புப் பானை வாங்குபவர்கள் முன்பு எழுதி வைத்த அளவுகளோடு கடைக்குப் போக வேண்டும். காதுகளையும் சேர்த்து அளந்தால்தான் மூடி சாத்தும்.

பிட்சா கல் வாங்கத் தக்க பொருள்தான், ஆனால் தடுப்புத் தகடு இல்லாமல் அதைப் பயன்படுத்தினால் அடிப்பக்கம் கரியாகி மேற்பக்கம் வெளுத்துக் கிடக்கும். தகடு, அதற்குமேல் இடைவெளிக்கு ஏதேனும் ஒரு பிரிமணை போன்ற தாங்கி, அதற்குமேல் மூடியை நெருங்கும் உயரத்தில் கல் என்று அடுக்கி, அடுப்போடு சேர்த்தே முக்கால் மணி நேரம் சூடேற்றுங்கள். 46 சென்டிமீட்டர் தட்டுக்கு 38 சென்டிமீட்டர் கல் சரியாக இருக்கும். ஓரத்தில் காற்று ஏற வழி வேண்டும். கார்டியரைட் என்ற கனிமத்தைக் கொண்டு செய்த கல் திடீர்ச் சூட்டு மாற்றத்தைத் தாங்கும். மூடியும் உடலும் சேரும் இடத்தில் ஒட்டியுள்ள நார்ப்பட்டையின் பசை இறுகும் வரை, முதல் சில சமையல்களைக் குறைந்த சூட்டில் நடத்திவிட்டு, பிட்சாவுக்கு உரிய 300 டிகிரியைப் பிறகு தொடுங்கள்.

தாங்கும் சட்டம் வாங்குவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பிக் கிரீன் எக்கின் பெரிய அளவு மட்டுமே 70 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. சாய்ந்து விழுந்தால் செராமிக் உடைவதோடு தணலும் சிதறும். பூட்டும் சக்கரங்கள் உள்ள சட்டம் நல்லது, நகர்த்தும்போது தள்ளாமல் இழுக்க வேண்டும், அதுவும் ஆறிய நிலையில் மட்டும். மரமேசையில் பதிப்பவர்கள் அடியில் செராமிக் கால்களையோ கல்பலகையையோ வைத்துக் காற்று இடைவெளி விட வேண்டும். மழை நீர் மேற்துளை வழியாக இறங்கிச் சாம்பலைக் குழைக்காமல் இருக்கவும், உறைபனி விழும் ஊர்களில் நுண்துளைகளில் நீர் உறைந்து விரிசல் விடாமல் இருக்கவும் ஓர் உறை வேண்டும்.

காற்றைத் தானே அளந்து ஊதும் மின்விசிறிக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கீழ்க் காற்றுவழியில் பொருத்தும் சிறு விசிறியும் தட்டில் வைக்கும் உணரியும் சேர்ந்து, இரவு முழுவதும் நாம் உறங்கும்போதும் சூட்டை நிலையாக வைத்திருக்கும். மாட்டு நெஞ்சுக்கறியை விடிய விடியச் சமைப்பவருக்கு அது உண்மையில் பெரும் உதவி. இருந்தாலும் முதல் பத்துச் சமையலையாவது கையாலேயே நடத்துங்கள். கீழ் வழி பெருமாற்றத்துக்கும் மேல் வழி நுண்மாற்றத்துக்கும் உரியவை. ஒவ்வொரு திறப்பும் எத்தனை டிகிரியில் நின்றது என்பதைக் குறித்துக்கொண்டே வந்தால், 110 டிகிரிக்கும் 180 டிகிரிக்கும் உங்கள் அடுப்பு கேட்கும் இடைவெளி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அது தெரிந்த பின்பும் இரவுச் சமையல் மாதம் ஒருமுறையாவது நடக்கிறதென்றால் விசிறியை வாங்கலாம். இறைச்சியைச் செருகிச் சுழற்றிச் சுடும் சுழல்கம்பி, சீன வாணலியைத் தாங்கும் வளையம் போன்றவற்றுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: சுழல்கம்பி பொருத்தும் வளையம் மூடியை உயர்த்திவிடுவதால், அது உங்கள் அடுப்பின் வகைக்கென்றே செய்யப்பட்டதா, பொருத்திய பின் ஓரத்தில் புகை கசியாமல் மூடுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.