கிட்டார் பெடல் லோகோவுக்குக் கருத்துக் கேட்பது எப்படி?

"நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், வீட்டில் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பார்ட்ஸ் வாங்கி கிட்டார் பெடல் (காலால் அழுத்தி கிட்டார் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி) செய்து விற்கிறவர் என்றால், லோகோவைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, பெட்டியின் மேல் நாப்களுக்குக் கீழே நிஜ அளவில் ஒட்டி, வாசிக்கிற ஒருவரின் காலடியில் வைத்து, நின்றபடியே பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். திணறினால் எழுத்து மெலிசு, அல்லது ரொம்ப நெருக்கம். அப்புறம் ஐந்து நொடி காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். விட்டுப்போன கோடுகள் பெரும்பாலும் தேவையில்லாதவைதான். கிட்டார் படம் போட்ட லோகோ எல்லாக் கடையிலும் இருக்கிறது, எனக்கு அலுத்தே விட்டது. நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். முடிவு செய்யும் முன் டிரேட்மார்க் தேடலில் பொருள் வகுப்பு 9, 15 இரண்டையும் பாருங்கள்: இந்த மாதிரி எஃபெக்ட் பெடல் 9-இல் வரும், கிட்டார் 15-இல்.