வாசகம் வாசிக்கிறவர் எல்லாரும் 'வாசகர்' ஆகிவிடுவதில்லை

கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசையில் மைக் முன்னால் நின்று விவிலிய வாசகம் வாசிக்கிறவரைப் புதுவையில் 'வாசகர்' என்றுதான் சொல்கிறோம். பேச்சுக்குச் சரி. திருச்சபைச் சட்டம் சொல்லும் வாசகர் வேறு ஆள். ஆயர் நடத்தும் சடங்கில் திருவிவிலியத்தைக் கையில் வாங்கி, ஆயுசுக்கும் அந்தப் பணியில் ஏற்படுத்தப்பட்டவர்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு பங்கில் மூன்று நாள் பயிற்சி முடிந்ததும், 'வாசகர் பணியில் நியமிக்கப்படுகிறார்' என்று அச்சடித்த சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, பங்குத்தந்தை தன் விருப்பத்தில் கொடுக்கக்கூடிய பட்டம் இல்லை அது. பயிற்சிக்கு உண்டான சான்றிதழ், அவ்வளவுதான்.

'அதெல்லாம் குருமடத்துப் பிள்ளைகளுக்கு' என்பது இன்னொரு தவறு. அப்படி நினைக்கக் காரணம் உண்டு. குருவாவதற்கு முந்தைய படியான திருத்தொண்டர் ஆகுமுன் வாசகர் பணியையும், பீடத்தில் உதவும் பீடத்துணைவர் பணியையும் குருவுக்குப் படிக்கும் அவர்கள் பெற்றாக வேண்டும். நாம் பார்த்ததும் அவர்களை மட்டும்தான். ஆனால் 1972-இலேயே திருத்தந்தை ஆறாம் பவுல் இவ்விரண்டையும் குருவோ திருத்தொண்டரோ அல்லாத பொதுநிலையினருக்குத் திறந்துவிட்டார். அப்போது ஆண்களுக்கு மட்டும். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்ட எண் 230-ஐத் திருத்தியதிலிருந்து பெண்களும் பெறலாம். அதே ஆண்டு மே மாதம், மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் (உபதேசியார்) பணியும் சேர்ந்தது. நம் ஊர் உபதேசியார் பரம்பரையை நினைத்தால், இது ரொம்பத் தாமதம் என்றே எனக்குப் படுகிறது.

இதைக் கேட்டதும் சிலர் அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள்: 'அப்படியானால் நாங்கள் இனி வாசிக்கக் கூடாதா?' தாராளமாக வாசிக்கலாம். பணியில் ஏற்படுத்தப்பட்ட வாசகர் இல்லாத இடத்தில் தகுந்த பயிற்சி பெற்ற யாரும் வாசிக்கலாம். நற்செய்தி மட்டும் திருத்தொண்டருக்கோ குருவுக்கோ உரியது. முறைப்படி ஏற்படுத்தப்பட்ட வாசகருக்கும் அதில் இடமில்லை.

பீடத்தருகே நடக்கும் தவறு கண்ணில் படுவதே இல்லை. நன்மை (நற்கருணை) கொடுத்து முடிந்ததும், உதவிக்கு வந்த அண்ணனோ சிஸ்டரோ ஓரமாக நின்று கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் குடித்துத் துணியால் துடைப்பார். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பாத்திரங்களைத் தூய்மைப்படுத்துவது குரு, திருத்தொண்டர், முறைப்படி ஏற்படுத்தப்பட்ட பீடத்துணைவர் ஆகியோரின் வேலை. நன்மை கொடுக்க அனுமதி பெற்றவர் பீடத்துணைவர் ஆகிவிட மாட்டார். பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்களும் அப்படித்தான்.

அப்புறம் வாசிப்பு. வாசக நூலில் சிவப்பு எழுத்தில் இருக்கும் 'முதல் வாசகம்' வாசிப்பவருக்கான குறிப்பு. அதை மைக்கில் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறியில் படபடக்கும் ஒற்றைத் தாளை விட்டுவிட்டு வாசக நூலிலிருந்தே வாசியுங்கள். பெந்தகோஸ்து ஞாயிறு உங்கள் முறை என்றால், சனி ராத்திரியே வீட்டில் யாரையாவது எதிரில் உட்காரவைத்து, பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா என்று நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான் கப்பதோக்கியாவில் தடுக்கி, பிரிகியாவை விழுங்கியே விட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை.